சாரலும் வெண்பனியும் நுழையும் கூரைத் துளைகள்

தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைச்சரிவை எட்டும் காலம் நெருங்குவதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூரையைப் பற்றியவையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கனடாவில் வாழும் மகளின் வீட்டுக் கூரைக்குள் வெண்பனி நுழைவதைப் பற்றியது. ஊரும் காலநிலையும் வேறானாலும் காற்று செய்யும் வேலை ஒன்றுதான் என்பதால், எல்லாவற்றுக்கும் இங்கே சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

கேள்வி: எங்களுடையது துரைமார் காலத்துப் பழைய வீடு. தகரக் கூரை, உள்ளே பலகைச் சீலிங். கூரையின் இரண்டு பக்க முக்கோணச் சுவர்களிலும் சாய்பலகை வைத்த காற்றுத் துளைகள் இருக்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் காற்றோடு சாரல் அடிக்கும் இரவுகளில் மேற்குப் பக்கத் துளை வழியாகத் தண்ணீர் வந்து சீலிங் பலகை ஊறிக் கறுத்துவிட்டது. வேலைக்கு வந்த பாஸ், இரண்டு துளைகளையும் பலகை அடித்து மூடிவிடலாம் என்கிறார். என் மாமனாரோ, முன்னோர் காரணமில்லாமல் அவற்றை வைக்கவில்லை என்று தடுக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, டிக்கோயா

பதில்: உங்கள் மாமனார் சொல்வதையே கேளுங்கள். தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட வேண்டும் என்று பாஸ் நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தத் துளைகள் அடைபட்டால், சீலிங்குக்கு மேலே தங்கும் ஈரம் வெளியேற வழி இராது. டிக்கோயா, ஹட்டன், வட்டவளைப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை வெளிக்காற்றே பெரும்பாலும் ஈரத்தால் நிறைந்திருக்கும். அதோடு குளியலறையிலும் சமையலறையிலும் எழும் நீராவி சீலிங்கின் இடுக்குகள் வழியே மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மரத்திலுள்ள ஈரம் ஏறக்குறைய 20 வீதத்துக்குக் கீழே இருக்கும்வரை, அதை உளுக்கச் செய்யும் பூஞ்சணம் வளர முடியாது. காற்றோட்டம் நின்றால் கைமரங்களின் ஈரம் அந்த அளவைத் தாண்டி, மாதக்கணக்கில் அங்கேயே நிற்கும். இப்போது கறுத்திருப்பது சீலிங் பலகை மட்டுமே. துளைகளை மூடினால் கெடப்போவது கூரையைத் தாங்கும் மரம்.

சாரல் எப்படி உள்ளே வருகிறது என்பதைப் பார்த்தால் அதற்கான மாற்றும் தெரிந்துவிடும். 2 மில்லிமீற்றர் பருமனான மழைத்துளி விநாடிக்கு 6 மீற்றருக்கும் அதிகமான வேகத்தில் விழும். அரை மில்லிமீற்றர் அளவுள்ள தூறல் துளியோ விநாடிக்கு 2 மீற்றர் அளவில்தான் இறங்கும். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், அந்தத் தூறல் துளி ஒரு மீற்றர் கீழே இறங்குவதற்குள் ஐந்து மீற்றர் பக்கவாட்டில் பறந்துவிடும். மேலிருந்து விழும் மழையை மனத்தில் வைத்துச் சாய்த்த பலகைகள், ஏறக்குறைய கிடையாகப் பறந்து வரும் துளியைத் தடுக்க மாட்டா. துளி காற்றோடு சேர்ந்து பலகையின் சரிவில் ஏறியே உள்ளே போய்விடும். அதற்கு மேல், காற்று மோதும் மேற்குச் சுவரில் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கமான கிழக்குச் சுவரில் குறைகிறது. ஒரு துளையில் தள்ளப்பட்டும் மறு துளையில் இழுக்கப்பட்டும் காற்று கூரைக்குள் நேராக ஓடுவதால், துளிகள் சீலிங்கின் நடுப்பகுதி வரைகூடப் போய் விழுகின்றன.

ஆகவே நாம் செய்ய வேண்டியது, காற்றை உள்ளே விட்டு, அதன் வேகத்தைத் துளையின் வாயிலிலேயே குறைத்து, அது சுமந்துவரும் நீரை அங்கேயே இறக்கிவிடுவது. அதற்கு நாங்கள் அதிகம் நம்புவது, துளையின் உட்பக்கத்தில் அமைக்கும் ஒரு பெட்டி. துளை இரண்டு அடிக்கு இரண்டு அடி என்றால், அதைவிடச் சற்று அகலமும் குறைந்தது ஓரடி ஆழமும் உள்ள பெட்டியைப் பலகையாலோ தகட்டாலோ செய்து சுவரோடு இறுக்கிப் பொருத்துங்கள். பெட்டியின் அடியில் வெளிப்பக்கமாகச் சரியும் தகரத் தட்டு ஒன்றை மடித்து வைத்து, அதன் நுனி சுவருக்கு வெளியே ஓர் அங்குலமாவது நீண்டு நீரைச் சொட்டவிடும்படி செய்யுங்கள். பெட்டியின் உட்பக்கப் பலகை துளையின் மேல்விளிம்பையும் தாண்டி உயர்ந்து நிற்க, காற்று அதற்கு மேலாக ஏறித்தான் கூரைவெளிக்குள் போக வேண்டும். அந்த மேல்வாயின் பரப்பு சுவரிலுள்ள துளையின் பரப்புக்குக் குறையாமல் இருப்பது முக்கியம். குறைந்தால் அங்கே காற்று மறுபடியும் வேகம் கொண்டு துளிகளை அள்ளிச் செல்லும். விரிந்த இடத்தில் வேகம் இழந்து மேல்நோக்கித் திரும்பும் காற்று, துளிகளைச் சுமக்க முடியாமல் தட்டிலே விட்டுவிடும்.

வெளிப்பக்கத்தில், பக்கச் சுவர்களும் சேர்ந்த ஒரு தகர முகமூடி பொருத்தினால் பாதுகாப்பு இன்னும் கூடும். மேலே மட்டும் கூரை வைத்து இரு பக்கமும் திறந்துவிட்டால் பயன் குறைவு. எலியும் வௌவாலும் வராதிருக்க வலை வேண்டும்தான், ஆனால் கொசுவலையைத் தவிர்த்து, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைப் போடுங்கள். நுண்ணிய வலையும் சாய்பலகையும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியும் திறப்பில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்குதான் காற்றுக்குக் கிடைக்கும். தூசியும் ஒட்டடையும் சேர்ந்துவிட்டால் அதுவும் இராது. சாரலையும் வலை தடுப்பதில்லை. பெரிய துளியைச் சிதறடித்து நுண்துளியாக்கி உள்ளே அனுப்பிவிடுகிறது.

பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் மாடிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. காற்று மழையோடு அடிக்கும் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி, மறுபக்கத்தைத் திறந்து வைப்பார்கள். எல்லா ஜன்னலையும் ஒருசேர மூடிக் கொழுந்தைப் புழுங்க விடமாட்டார்கள்.

பாஸ் கூரையில் ஏறும்போது இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். தகரங்களின் பக்க ஒட்டுகள் காற்று வரும் திசையை நோக்கி வாய் திறந்திருந்தால், துளையைச் சீர்செய்த பிறகும் தண்ணீர் வரும். ஆகவே தகரம் மாற்றும் காலம் வந்தால் காற்று மறையும் பக்கத்திலிருந்து தொடங்கிக் காற்று வரும் பக்கத்தை நோக்கி அடுக்கிக்கொண்டு வர வேண்டும். முகட்டுத் தகட்டுக்கு அடியில், தகரத்தின் மேல்நுனிப் பள்ளங்களைச் சற்றே மேல்நோக்கி மடித்துவிட்டால், காற்று மேலே தள்ளிக்கொண்டு வரும் நீர் அந்த மடிப்பில் தடைபட்டுத் திரும்பிவிடும். உங்கள் பகுதியில் மேற்கும் தென்மேற்கும் காற்று வரும் திசைகள். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்து வாசகர்கள் இதைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வருவதால் கிழக்கும் வடகிழக்கும் பார்த்த துளைகளே கவனிக்க வேண்டியவை. நுவரெலியாவில் இருப்பவர்கள் இரு பக்கத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்கு வடக்கே வீடு வாங்கியிருக்கிறாள். இந்த மாரியில் பெரும் புயலுக்குப் பின் கூரையடி வெளிக்குள் ஏறிப் பார்த்தபோது, வெப்பக்காப்புப் பஞ்சின் மேல் வெண்பனி குவிந்திருந்ததாம். கூரையின் காற்றுத் துளைகளில் துணி அடைத்துவிடலாமா என்று மருமகன் கேட்கிறார். மரவேலை தெரிந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
வாசகர், பண்டாரவளை

பதில்: முதலில் அது வெளியிலிருந்து வந்த வெண்பனிதானா என்று பார்க்கச் சொல்லுங்கள். துளைக்கு நேர் கீழே, ஒரு பக்கமாகச் சரிந்து மேடுபோல் குவிந்திருந்தால் காற்று கொண்டுவந்த பனி. கூரைப் பலகையின் அடிப்பக்கம் முழுவதும் வெள்ளை பூத்து, வெளியே தலைகாட்டும் ஆணி முனைகள் ஒவ்வொன்றிலும் உறைபனி முளைத்திருந்தால், அது வீட்டுக்குள்ளிருந்து ஏறிய நீராவி குளிர்ந்து உறைந்தது. இரண்டாவது வகையில் துளைகளை அடைத்தால் நிலைமை மிகவும் மோசமாகும். அங்கே செய்ய வேண்டியது, குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போய் முடிகிறதா என்று பார்ப்பதும், மேலேறும் வாயின் மூடி, மின்விளக்குத் துளைகள், குழாய் போகும் இடுக்குகள் ஆகியவற்றைக் காற்றுப் புகாமல் அடைப்பதுமே.

வெளிப்பனிதான் என்று தெரிந்தால், வெயில் ஏறி உருகுவதற்கு முன் அதை அள்ளி எடுத்துவிட வேண்டும். ஒரு சதுர மீற்றரில் 10 சென்ரிமீற்றர் உயரம் நிற்கும் பனி, மிக இலேசான தூளாக இருந்தாலே 5 லீற்றர் அளவு நீராகும். காற்று இறுக்கிய பனியானால் அதைப்போலப் பல மடங்கு. நனைந்த பஞ்சு வெப்பத்தைக் காக்கும் வலுவை இழந்துவிடும். அள்ளப் போகிறவர் குறுக்கு மரங்களின் மேல் பலகை போட்டு அதன்மீது மட்டுமே கால் வைக்க வேண்டும், ஏனென்றால் அங்குள்ள சீலிங் அட்டைகள் ஆளின் பாரத்தைத் தாங்க மாட்டா. கடும் புயலில் மெல்லிய பொடியாகச் சிறிது பனி நுழைவது பல வீடுகளில் நடப்பதுதான். அது காற்றோட்டத்திலேயே உலர்ந்துவிடும், அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. மேடாகக் குவிவதற்குத்தான் மருந்து தேவை.

கடுங்குளிரில் பெய்யும் பனி உலர்ந்த தூளாக இருக்கும். அது விநாடிக்கு ஒரு மீற்றர் அளவில்தான் இறங்குவதால் நம் தூறலைவிடவும் எளிதாகக் காற்றோடு பறக்கும். வலையின் கண் வழியே அது தாராளமாக நுழையும், கண்ணைச் சிறிதாக்கினாலோ உறைபனி படிந்து அந்த வலையே அடைபட்டுவிடும். சல்லடைப் பஞ்சை முக்கோணச் சுவரின் துளைக்கு உட்பக்கம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது பனியைத் தடுக்கும், கூடவே காற்றையும் குறைக்கும். மாரி முடிந்ததும் கழற்றிவிடுவதானால் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம்.

துணியால் அடைப்பதை மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். காற்றோட்டம் நின்ற கூரைவெளியில் ஈரம் தங்கும். வீட்டு வெப்பமும் அங்கே தேங்கி, கூரை மேல் கிடக்கும் பனியை அடியிலிருந்து உருக்கும். அந்த நீர் குளிர்ந்த இறவாரத்துக்கு வந்து மீண்டும் உறைந்து பனிக்கட்டி அணையாக நிற்க, அதற்குப் பின்னால் தேங்கும் நீர் கூரை ஓட்டுக்கு அடியில் புகுந்து சுவருக்குள் இறங்கும்.

நிலையான தீர்வு, காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதைச் சரிப்படுத்துவதில் இருக்கிறது. கனடாவின் கட்டட விதிகளின்படி, சாதாரணச் சரிவுள்ள கூரைக்கு, காப்பிட்ட சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு தடையற்ற காற்றுத் திறப்பு வேண்டும். அதில் குறைந்தது 25 வீதம் கூரையின் மேற்பகுதியிலும் 25 வீதம் கீழ்ப்பகுதியிலும் அமைய வேண்டும். 100 சதுர மீற்றர் சீலிங்குக்கு மூன்றிலொரு சதுர மீற்றர் என்று கொள்ளலாம். விதி சொல்வது குறைந்த அளவு. அனுபவமுள்ளவர்கள் கீழே உள்ள திறப்பு பாதிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். காரணம் எளிது. இறவாரத்தின் அடிப்பலகை வழியே போதிய காற்று வராவிட்டால், மேலேயுள்ள துளைகளில் காற்றை எதிர்கொள்ளும் ஒன்று வெளியேற்றுவதை விட்டுவிட்டு உள்ளிழுக்கத் தொடங்கும். அந்த இழுப்போடு பனியும் வரும். எனவே மருமகன் முதலில் பார்க்க வேண்டிய இடம் பனி குவிந்த இடத்திலிருந்து தள்ளி, கூரையின் கீழ்விளிம்பில் இருக்கிறது. அங்கே பஞ்சு சரிந்து திறப்புகளை மூடியிருப்பது அடிக்கடி காணப்படும் குறை. பஞ்சைப் பின்தள்ளி, கைமரங்களுக்கிடையே காற்று மேலேறுவதற்கான அட்டைக் கால்வாய்களைப் பொருத்தினால் காற்றுக்கு மறுபடியும் வழி கிடைக்கும்.

அதன் பிறகு மேலே பார்க்கலாம். இறவாரத்திலும் முகட்டிலும் போதிய திறப்பு உள்ள வீட்டில், முக்கோணச் சுவர்த் துளைகள் அந்த ஓட்டத்தைக் குலைப்பதோடு பனியையும் வாங்கிக்கொள்ளும். அவற்றை மட்டும் உள்ளிருந்து பலகையால் முறையாக மூடிவிடலாம். டிக்கோயா வாசகிக்கு மூட வேண்டாம் என்று எழுதிவிட்டு இவருக்கு மூடலாம் என்பது முரணாகத் தோன்றலாம். அந்த வீட்டில் காற்றுக்கு இருக்கும் வழி அவை மட்டுமே. இங்கே வேறு வழி உண்டு என்பதே வேறுபாடு. வேறு வழி இல்லையென்றால், முன்னே சொன்ன பெட்டியையே இங்கும் கட்டலாம். வேகம் குறைந்த இடத்தில் மழைத்துளி விழுவதுபோலவே பனித்தூளும் விழும். முகட்டில் நீளமாகப் போகும் காற்றுப்போக்கி என்றால், வெளிப்பக்கம் காற்றை மேலே தூக்கி எறியும் தடுப்பு விளிம்பும், உள்ளே வடிகட்டும் படையும் உள்ள வகையாக அது இருக்க வேண்டும். கூரை மேல் தனித்தனியாக நிற்கும் காற்றுப்போக்கிகள் குட்டையாக இருந்தால் பனியில் புதைந்துவிடும். கழுத்து உயர்ந்தவற்றை மாற்றிப் போடுவது நல்லது. பனி மூடிய கூரையில் மருமகன் ஏறக் கூடாது. அந்த வேலைகளைக் கோடையில், உரிமம் பெற்ற கூரை வேலைக்காரரிடம் விடச் சொல்லுங்கள்.

கேள்வி: காற்றில் தானாகச் சுழலும் உருண்டைக் காற்றுப்போக்கியைத் தகரக் கூரையில் பொருத்தினால் சாரல் வராதா?
வாசகர், நாவலப்பிட்டி

பதில்: நன்றாகச் சுழலும்வரை பெரும்பகுதி துளிகளை அது வெளியே எறிந்துவிடும். அச்சு துருப்பிடித்து நின்றுவிட்டால் அதன் இதழ்களுக்கிடையே சாரல் தாராளமாக இறங்கும். ஆண்டுக்கொரு முறை மே மாதத்துக்கு முன் ஏறிப் பார்க்க ஆள் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மேலே விளக்கிய பெட்டியே மேல்.

கேள்வி: ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மழையே இல்லாத காலையில் எங்கள் தகரக் கூரையின் அடியிலிருந்து சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது. முற்றத்துப் புல்லெல்லாம் அப்போது வெள்ளையாக உறைந்திருக்கும். காற்றுத் துளை வழியாக உறைபனி உள்ளே வருகிறது என்று நினைத்து அதைச் சாக்கால் மூடினோம். சொட்டுவது கூடிவிட்டது.
வாசகர், நுவரெலியா

பதில்: சாக்கை இன்றே எடுத்துவிடுங்கள். உறைபனி பறந்து வருவதில்லை. தெளிவான, காற்றில்லாத இரவில் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்ந்துபோன பரப்பின் மேல், பக்கத்துக் காற்றிலுள்ள ஈரமே அப்படிப் படிகிறது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள உங்கள் நகரில் அத்தகைய இரவுகளில் புல் குளிர்வதுபோலவே தகரமும் குளிர்கிறது. அதன் அடிப்பக்கத்தைத் தொடுவது உங்கள் வீட்டிலிருந்து ஏறிய ஈரக்காற்று. அது அங்கே நீர்த்துளியாகவோ உறைபனியாகவோ ஒட்டி, வெயில் பட்டதும் ஒரே நேரத்தில் சொட்டுகிறது. துளையை மூடியதால் ஈரம் தங்கியது. சொட்டுவது கூடியதற்குக் காரணம் அதுவே.

வீட்டுக்குள் எழும் ஈரத்தைக் குறைப்பதே இங்கே முதல் வேலை. ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீராவி உண்டாகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சமைக்கும்போதும் வெந்நீர் காய்ச்சும்போதும் அந்த அறையின் ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள், நனைந்த துணியை உள்ளே காயப்போடாதீர்கள், சீலிங் பலகைகளின் இடுக்குகளை அடையுங்கள். தகரம் மாற்றும்போது அதன் அடியில் வெப்பக்காப்பு விரிப்பு ஒன்றைப் போட்டால் தொல்லை பெருமளவு தீரும். சொட்டுவது மழைக்காற்று வீசிய இரவுக்குப் பின்னா, அமைதியான குளிரிரவுக்குப் பின்னா என்று ஒரு மாதம் குறித்து வைத்தால், வெளிநீரா வீட்டு ஈரமா என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் லயத்தில் இருக்கிறோம். சீலிங் இல்லை. சுவரின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகச் சாரலும் குளிரும் வருகின்றன. சின்னப் பிள்ளைகள் இருப்பதால் சந்து முழுவதையும் சாக்கும் சிமெந்துப் பையும் வைத்து அடைத்துவிட்டு, இரவில் சட்டியில் நெருப்புத் தணல் வைத்துக்கொள்கிறோம். இது சரியா?
வாசகி, மஸ்கெலியா

பதில்: அம்மா, தயவுசெய்து இன்று இரவே தணல் சட்டியை வெளியே வைத்துவிட்டு உறங்குங்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அடைத்த அறையில் உறங்குகிறவர்கள் அது சேர்வதை உணராமலே உயிரிழக்கக்கூடும். இத்தனை நாள் அந்தப் புகையும் ஈரமும் வெளியேறி வந்தது நீங்கள் அடைத்த சந்தின் வழியாகத்தான். காலையில் தலைவலி, குமட்டல், மயக்கம் இருந்தால் உடனே எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்து, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் எண்ணை அழையுங்கள்.

குளிரையும் சாரலையும் வேறு விதமாகக் குறைக்கலாம். சாரல் அடிக்கும் பக்கத்தில் மட்டும், சந்துக்கு வெளியே இறவாரத்தின் அடியிலிருந்து ஓரடி அகலத் தகரப் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, அது சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலகி நிற்கும்படி மரத்துண்டு வைத்து அடியுங்கள். காற்று கீழிருந்து ஏறி உள்ளே வரும். சாரல் தகரத்தில் பட்டு வழிந்துவிடும். எதிர்ப்பக்கச் சந்தைத் திறந்தே விட்டு, கம்பிவலை மட்டும் போடுங்கள். பிள்ளைகள் படுக்கும் இடத்தைச் சாரல் பக்கச் சுவரிலிருந்து தள்ளி, தரைக்கு மேலே பலகை போட்டு அமைத்தால் குளிர் கணிசமாகக் குறையும்.

கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ உரசவோ கூடாது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தொங்கல் தகரத்தைச் சீட்டில் பொருத்தாமல், இறவார மரத்தில் மட்டும் ஆணி அடியுங்கள். வீடு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்குமானால், சாரல் வரும் பக்கத்தையும் பிள்ளைகளின் வயதையும் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.